ஆனையும் கழுதையும், இலையும் சூரியனும்

அமெரிக்காவில் தேர்தல் நடந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட முடிகிறதா? 2024 நவம்பரில் டிரம்ப் ஒரு பக்கம், கமலா ஹாரிஸ் ஒரு பக்கம் என்று போட்டி நடந்தபோது, மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில் பானர் கட்டிக் கோயிலில் பூஜையும் செய்தார்கள். கமலாவின் தாய்வழிப் பாட்டனார் பிறந்த ஊர் அது. பூஜை பலிக்கவில்லை. டிரம்ப் ஜெயித்தார். 2025 ஜனவரியில் இரண்டாம் தடவையாகப் பதவி ஏற்றார். அந்த வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அங்கே 50 சதவீத வரி என்று போட்டார். திருப்பூர் பனியனுக்கு அடி, ஆம்பூர் தோலுக்கு அடி, இறாலுக்கு அடி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் வரையில் கடலோரமாக இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே தொட்டி கழுவுகிற கூலியாளுக்கு வாஷிங்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து அவன் கூலியில் வந்து விடியும். ஆகவே அமெரிக்க அரசியலைப் பற்றி நாம் பேசுவது ஊர்வம்பு அல்ல.

அந்த நாட்டில் இரண்டே கட்சிகள்தான் மாறி மாறி ஆளுகின்றன. ஒன்றின் அடையாளம் ஆனை. அது குடியரசுக் கட்சி. மற்றதன் அடையாளம் கழுதை. அது ஜனநாயகக் கட்சி. 1993 முதல் எட்டு வருஷம் கழுதை. 2001 முதல் எட்டு வருஷம் ஆனை. 2009 முதல் மறுபடி எட்டு வருஷம் கழுதை. பிறகு நாலு வருஷம் ஆனை, நாலு வருஷம் கழுதை, 2025-ல் திரும்பவும் ஆனை. ராட்டினம் போலச் சுற்றுகிறது! சுற்றும்போது கேட்கிற வசவுகளைத்தான் சொல்லி முடியாது. டிரம்ப் தம் எதிராளியைத் தூங்குமூஞ்சி ஜோ என்பார். பைடன் அவரைக் கோமாளி என்பார். 2020-ல் கோடிக்கணக்கான ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்த விவாத மேடையிலேயே ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே பாய்ந்து, "வாயை மூடு" என்கிற வரைக்கும் போயிற்று. உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்துகிறவர்கள் இவர்கள்!

வசவு கிடக்கட்டும். கூலியைப் பார்ப்போம். அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் வைத்திருக்கிற குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். இது 2009 ஜூலையில் நிர்ணயமானது. அதன் பிறகு ஒபாமா இருந்தார், டிரம்ப் வந்தார், பைடன் வந்தார், மீண்டும் டிரம்ப் வந்தார். 2025-ம் வருஷம் முடிகிற வரைக்கும் அந்த ஏழே கால் டாலர் ஏழே கால் டாலராகவே நின்றது. சில ராஜ்யங்கள் தாங்களாக உயர்த்திக் கொடுத்திருக்கின்றன என்பது வேறு விஷயம். பதினாறு வருஷத்தில் அங்கே ரொட்டி விலை ஏறவில்லையா? வீட்டு வாடகை ஏறவில்லையா? ஆனைக்காரனும் கழுதைக்காரனும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறினார்களே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்படி ஒற்றுமையாக இருந்தார்கள்?

வேலைநிறுத்தத்தைப் பற்றிய கதையும் இதே மாதிரிதான். 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஆனைக் கட்சி ஜனாதிபதி ரீகன் 11,000 பேருக்கு மேல் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். ஐயோ, ஆனை மிதித்துவிட்டது என்று அழுதார்கள். 2022 டிசம்பரில் ரயில்வேத் தொழிலாளர்கள், உடம்பு சரியில்லாவிட்டால் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று ஸ்டிரைக்குக்குத் தயாரானார்கள். தொழிலாளியின் நண்பன் என்று பெயர் வாங்கிய கழுதைக் கட்சி ஜனாதிபதி பைடன், ஸ்டிரைக்கைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1947-ல் யூனியன்களின் கையைக் கட்டிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இருக்கிறதே, அதைக் கழுதைக் கட்சி ஜனாதிபதி ட்ரூமன் நிராகரித்தும் அவர் கட்சி உறுப்பினர்களிலேயே பலர் ஆனையோடு சேர்ந்து ஓட்டளித்து நிறைவேற்றினார்கள். அதன் பிறகு கழுதைக் கட்சி எத்தனையோ தடவை ஜனாதிபதி பதவியையும் இரண்டு சபைகளையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தது. சட்டம் போகவில்லை.

இத்தனையும் அமெரிக்காவில்தானா நடக்கிறது? நம் திருக்கழுக்குன்றத்துக்கு வருவோம்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். மலை மேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் வைக்கிற பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வருவார்கள். இப்போது கழுகுகள் வருவதில்லை, அவை நின்று போய்ப் பல வருஷமாகிறது. அந்த ஊரில்தான் 1972-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி ஒரு பொதுக்கூட்டம். தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். பேசினார். கட்சிக்காரர்களும் மந்திரிகளும் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றார். அன்று சென்னையிலும் அதையே பேசினார். சில தினங்களில் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ந் தேதி அண்ணா தி.மு.க. பிறந்தது. கழுகு இரண்டு வந்த ஊரிலே கழகமும் இரண்டாயிற்று என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் வேடிக்கையாகச் சொன்னால் அது தவறில்லை.

அதற்கு ஐந்து வருஷம் முன்புதான், 1967-ல், காங்கிரஸ் ராஜ்யம் சரிந்தது. அரிசிப் பஞ்சம், மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, எல்லாம் சேர்ந்து சரித்தது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்த ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொன்னவர்கள் கோட்டைக்குப் போனார்கள். ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் கொஞ்ச நாள் கிடைத்தது. மூன்று படி லட்சியமாகவே இருந்துவிட்டது.

பிறகு ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. 1977-ல் இலை. எம்.ஜி.ஆர். இருந்தவரை இலைதான். 1989-ல் சூரியன். 1991-ல் இலை. 1996-ல் சூரியன். 2001-ல் இலை. 2006-ல் சூரியன். 2011-ல் இலை; 2016-ல் மட்டும் வழக்கம் மாறி மறுபடியும் இலை. 2021-ல் சூரியன். ஜனங்கள் அடித்த அடி சாமானியமா? 1991-ல் தி.மு.க. ஜெயித்தது இரண்டே இடம்; ஒரே சைக்கிளில் சட்டசபைக்குப் போகலாம். 1996-ல் அ.தி.மு.க.வுக்கு நாலு இடம். ஒரு ஆட்டோ போதும். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அகங்காரம் பிடித்தவனைத் தூக்கி எறிகிற அந்தக் கோபத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழையின் கையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற கல் அது. ஆனால் கல்லை எறிந்த பிறகு என்ன நடந்தது?

முதலில் பெயர்ப் பலகை மாறியது. நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் இதற்குச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர். 1997-ல் ஜில்லாக்களுக்கும் பஸ் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டன. ஜாதிக் கலவரத்துக்கு அந்தப் பெயர்கள் சாக்காகிக்கொண்டிருந்தன, எடுத்தது நல்லதுதான். ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. 2019 நவம்பரில் செங்கல்பட்டு திரும்பவும் தனி ஜில்லாவாயிற்று. ரேஷன் கார்டில் ஊர் மாறாமலே ஜில்லா இரண்டு தடவை மாறியது.

அடுத்தது கட்டடம். 2010-ல் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டித் திறந்தார்கள். 2011-ல் வந்தவர்கள் அதில் காலே வைக்க மாட்டோம் என்று கோட்டைக்கே திரும்பினார்கள். பிறகு அது ஆஸ்பத்திரியாயிற்று. ஆஸ்பத்திரி ஏழைக்கு உபயோகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி கட்ட வேண்டுமானால் ஆஸ்பத்திரியாகவே கட்டியிருக்கலாமே! 1999-ல் உழவர் சந்தை திறந்தார்கள். 2001-ல் வந்தவர்கள் அதைக் கவனிப்பாரற்று விட்டார்கள். 2006-ல் மறுபடி பெயின்ட் அடித்தார்கள். கத்தரிக்காய்க்கும் கட்சிக் கொடி உண்டு போலும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறோம். நம் கிராமத்துத் தோழர்களுக்கு மக்கள் நலப் பணியாளர்களைத் தெரியும். 1989-91 தி.மு.க. ஆட்சியில், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து வாலிபர்களையும் பெண்களையும் பஞ்சாயத்துகளில் அற்பச் சம்பளத்துக்கு நியமித்தார்கள். சர்க்கார் திட்டங்களை வீட்டு வாசலுக்குக் கொண்டு போவது அவர்கள் வேலை. 1991-ல் ஆட்சி மாறியது, எல்லோரும் வெளியே. 1997-ல் மறுபடி உள்ளே. 2001-ல் மறுபடி வெளியே. 2006-ல் உள்ளே. 2011 நவம்பரில் சுமார் 13,000 பேர் ஒரே உத்தரவில் வெளியே.

இதில் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். 1990-ல் அவளுக்கு 22 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 23-ல் வேலை போயிற்று. 29-ல் வந்தது. 33-ல் போயிற்று. 38-ல் வந்தது. 43-ல் போயிற்று. அதன் பின் கோர்ட்டு. ஹைகோர்ட்டில் ஒரு தீர்ப்பு, அதன் மேல் அப்பீல், சுப்ரீம் கோர்ட்டில் தடை, வாய்தா மேல் வாய்தா. 2022-ல் மறுபடி அழைத்து, நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர் என்று மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். அப்போது அவளுக்கு 54 வயது! இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பிள்ளை பெற்றாள், வளர்த்தாள், படிக்க வைத்தாள், கடன் வாங்கினாள். வேலை போன காலங்களில் நாற்று நடப் போனாள். நட வந்த இடத்தில் "ஆபீசரம்மா வந்துட்டாங்க" என்று கேலியும் கேட்டிருப்பாள். அவள் செய்த குற்றம் என்ன? திருடினாளா? வேலைக்கு வராமல் இருந்தாளா? அவளை நியமித்தது எதிர்க்கட்சி, அவ்வளவுதான் குற்றம். அவளைத் துரத்தியவர்களும் அவளை நிரந்தரமாக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டவர்களும் அவளை நிரந்தரமாக்கவில்லை. நிரந்தரமாக்கிச் சட்டப்படியான உத்தியோகமாகக் கொடுத்திருந்தால் அடுத்தவன் வந்து ஒரே கையெழுத்தில் நீக்கியிருக்க முடியுமா? அவளுக்கு மிச்சமாக இருந்த அந்த நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஆதாரமான 2005-ம் வருஷச் சட்டத்தையே 2025 டிசம்பரில் டில்லி சர்க்கார் எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டு வந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆட்சி மாறியும் மாறாதவற்றைப் பார்ப்போம்.

1967-ல் புது ஆட்சி வந்து இரண்டு வருஷம் முடியவில்லை. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். சர்க்கார் மாறியிருந்தது, மிராசுதார் மாறவில்லை. பிற்பாடு ஹைகோர்ட்டில் மிராசுதார்கள் விடுதலையானார்கள்.

அது சூரியனின் காலம். இலையின் காலத்துக்கு நம் ஜில்லாவே சாட்சி. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், தாழ்த்தப்பட்ட ஜனங்கள் கையகல நிலமும் இல்லாமல் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் பேரில் 1892-ல் உத்தரவு பிறந்தது. அப்படிக் கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அதற்குப் பின்னும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம், வேறு யாருக்கும் செல்லாது என்பது நிபந்தனை. நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் காரணை கிராமத்து ஜனங்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு போராளிகள் செத்தார்கள். நிலத்தைக் கேட்டவனுக்குக் குண்டு கிடைத்தது.

கால் நூற்றாண்டு கழித்துப் பஞ்சமி நிலம் என்ற வார்த்தை திடீரென்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எப்படி? 2019 அக்டோபரில் ஒரு சினிமாவை ஒட்டி, முரசொலி ஆபீஸ் இருக்கும் இடம் பஞ்சமி நிலம் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் சொன்னார். இல்லவே இல்லை, நிரூபித்தால் அரசியலை விட்டே விலகத் தயார் என்று ஸ்டாலின் சவால் விட்டார். பதில், பதிலுக்குப் பதில், வக்கீல் நோட்டீசு. மாதக்கணக்கில் மேடையெல்லாம் அதே பேச்சு. சென்னையில் ஒரு ஆபீஸ் இருக்கிற மனையைப் பற்றி இத்தனை பேச்சுப் பேசியவர்களில் ஒருவராவது, செங்கல்பட்டு ஜில்லாவில் எந்தெந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலம் வேலிக்குள்ளும் மனைப் பிரிவுக்குள்ளும் போயிருக்கிறது என்று அந்த மேடையில் கணக்கு வைத்தார்களா? கிழக்குக் கடற்கரை ரோட்டோரம் சதுர அடிக் கணக்கில் நிலம் விற்கிற காலத்தில் அந்தக் கணக்கு யாருக்கு இனிக்கும்!

சாராயமும் மாறாத ஒன்று. டாஸ்மாக்கை 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி தொடங்கியது. சில்லறைக் கடைகளை 2003-ல் ஜெயலலிதா ஆட்சி அதன் கையில் கொடுத்தது. 2006-ல் வந்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா? கடைக்கு வந்தது பெயின்ட் கூட இல்லை. 2022-23-ல் அதிலிருந்து சர்க்காருக்கு வந்த வருமானம் 40,000 கோடி ரூபாய்க்கு மேல். சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வருகிறவன் வீடு போய்ச் சேருவதற்குள் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் மட்டும் எந்த ஆட்சியும் எந்த ஆட்சியையும் பழி வாங்கியதில்லை.

தொழிலாளிக்கு வருவோம். 2003 ஜூலையில் சர்க்கார் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக் செய்தார்கள். இலை ஆட்சி சுமார் 1,70,000 பேரை டிஸ்மிஸ் செய்தது. ரீகன் 11,000 பேரோடு நின்றார். நம்மவர் அமெரிக்காவைத் தோற்கடித்துவிட்டார்! சூரியன் கட்சி அன்று கண்ணீர் விட்டது. அதே கட்சியின் ஆட்சியில், 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் யூனியனைப் பதிவு செய்து அங்கீகரிக்கக் கேட்டு ஐந்து வாரம் ஸ்டிரைக் செய்தபோது, அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது.

இப்படியெல்லாம் சொன்னால், இரண்டு கழகமும் ஒன்றேதான், யார் வந்தால் என்ன என்று நாம் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் சொல்லவில்லை. போட்டி ஏழைக்குச் சில நன்மைகளைக் கொண்டு வந்திருக்கிறது. காமராஜர் போட்ட மதிய உணவை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். பின்னால் கருணாநிதி அதில் முட்டை வைத்தார். 2013-ல் அம்மா உணவகம் வந்தது. 2022-ல் பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி வந்தது. ஒருவன் சோறு போட்டால் மற்றவன் முட்டை வைத்தே தீர வேண்டும் என்கிற இந்தப் போட்டி அமெரிக்காவில் கிடையாது. இதை ஏளனம் செய்கிறவர்கள் பசித்த பிள்ளையைப் பார்க்காதவர்கள். ஆனால் கவனியுங்கள். தட்டில் போட்டி உண்டு. கூலியில், நிலத்தில், யூனியன் உரிமையில் போட்டி கிடையாது. தட்டில் போடுவது கஜானாப் பணம். கூலி கூட்டினால் முதலாளி பையிலிருந்து வர வேண்டும். நிலத்தை மீட்டால் வேலி போட்டவனிடமிருந்து பிடுங்க வேண்டும். அங்கே வந்ததும் இரண்டு கொடியும் அசையாமல் நிற்கின்றன.

மறைமலை நகர் ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஒரு நல்ல உதாரணம். அமெரிக்க முதலாளியும் நம் ஊர்க் கட்சிச் சண்டையும் சந்தித்த இடம் அது. 1991-96 அ.தி.மு.க. ஆட்சியில் சலுகைகளுடன் ஒப்பந்தமாயிற்று. தொழிற்சாலையை 1999-ல் தி.மு.க. ஆட்சியில் திறந்தார்கள். கொண்டு வந்தது நாங்கள் என்று ஒருவர், திறந்து வைத்தது நாங்கள் என்று மற்றொருவர். இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சண்டை நடந்தது. 2021 செப்டம்பரில் கம்பெனி கதவைச் சாத்துகிறோம் என்றது. 2,000-க்கும் அதிகமான நிரந்தரத் தொழிலாளர்கள், அவர்களுக்குப் பின்னால் காண்டிராக்ட் ஆட்கள், உதிரிபாகக் கம்பெனிகளில் இருந்தவர்கள், அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். நஷ்ட ஈட்டுக்காக 2022-ல் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்ய வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. முடிவு எங்கே எடுக்கப்பட்டது? கோட்டையிலும் அல்ல, போயஸ் தோட்டத்திலும் அல்ல, கோபாலபுரத்திலும் அல்ல. மிச்சிகன் ராஜ்யத்தில் டியர்பார்ன் என்ற ஊரில். அந்த மிச்சிகனில் கார்த் தொழிலாளியின் ஓட்டுக்காகத்தான் ஆனையும் கழுதையும் ஒவ்வொரு தேர்தலிலும் கட்டிப் புரளுகின்றன! சாத்தியவன் யார் என்று கேட்க வேண்டிய நேரத்திலும் நம் ஊரில் உன் ஆட்சியில்தான் சாத்தினான், இல்லை உன் ஆட்சியிலேயே கெட்டுப் போயிற்று என்று பேசினார்கள். 2025 அக்டோபரில் அதே கம்பெனி 3,250 கோடி ரூபாய் போட்டு அங்கே எஞ்ஜின் செய்யப் போவதாக ஒப்பந்தம் செய்தது. பழைய ஆட்களில் எத்தனை பேருக்கு வேலை என்பதுதான் கேள்வி; யாருடைய சாதனை என்பது அல்ல.

மத்தியிலும் கதை வேறல்ல. செங்கல்பட்டு அருகே திருமணியில் தடுப்பூசி மருந்துத் தொழிற்சாலை ஒன்று 2012-ல் காங்கிரஸ் ஆட்சி அனுமதித்து, 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஆரம்பமாயிற்று. 2014-ல் பா.ஜ.க. வந்தது. 2021-ல் கொரோனாவில் ஜனங்கள் ஊசிக்காக வரிசையில் நின்றபோது அந்தத் தொழிற்சாலை சும்மா கிடந்தது. குத்தகைக்காவது கொடுங்கள் என்று மாநில சர்க்கார் கேட்டும் கதை நடக்கவில்லை.

டீக்கடையில் தினம் நடக்கிற பேச்சு உங்களுக்குத் தெரியும். "இன்னா மாமா, உங்க ஆட்சியிலே ராத்திரியெல்லாம் கரண்டே இல்லாம விசிறிமட்டையாலே விசிறிக்கினு கெடந்தோமே!" என்பான் ஒருவன். "உங்க ஆட்சியிலே மட்டும் இன்னா வாழ்ந்தோம் மாப்ளே? குடத்தைத் தூக்கிக்கினு தண்ணி லாரி பின்னாலே ஓடினோமே!" என்பார் மற்றவர். இரண்டும் உண்மை. கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. டீ குடித்து முடித்து மாமாவும் மாப்பிள்ளையும் ஒரே காண்டிராக்டரிடம் ஒரே கூலிக்கு ஒரே லாரியில் ஏறிப் போகிறார்கள். லாரியில் ஏறிய பிறகு அந்தக் கூலியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. காலையில் நடந்த சண்டையில் முகம் திரும்பியிருக்கிறது. காண்டிராக்டருக்கு இதை விட என்ன வேண்டும்? கரை வேட்டி கட்டிய இரண்டு கட்சித் தலைவர்கள் கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சேரியில் அண்ணன் தம்பி கொடிக் கம்பத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

"நீங்கள் மட்டும் என்ன தோழர்? ஒரு தடவை இலை, ஒரு தடவை சூரியன் என்று நீங்களும்தானே ஏறி இறங்குகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2001-ல் கம்யூனிஸ்டுகள் இலையோடு, 2006-ல் சூரியனோடு, 2011-ல் இலையோடு, 2016-ல் தனி அணி கட்டி ஓரிடமும் கிடைக்கவில்லை, 2021-ல் சூரியனோடு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இடம் பங்கிடுவது தேர்தல் கால ஏற்பாடு. ஆனால் 2023 ஏப்ரலில் 12 மணி நேர மசோதா வந்த அன்று, கூட்டணியில் இருந்துகொண்டேதான் கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள், ஆளும் கட்சியின் சங்கம் உட்பட, கூடாது என்றன. ஸ்டிரைக் வரும் என்று தெரிந்தது. பத்தே நாளில், மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். சாம்சங்கிலும் யூனியன் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. இந்த இரண்டுக்கும் ஆட்சி மாற வேண்டியிருக்கவில்லை; தேர்தல் வரவில்லை; ராட்டினம் சுற்றவில்லை. தொழிலாளர்கள் கொடி பேதம் பார்க்காமல் ஒரு பக்கம் நின்றார்கள்.

இரண்டு கொடியோடு மூன்றாவது, நாலாவது என்று புதுக் கொடிகளும் வருகின்றன. சினிமாக்காரர் வருகிறார், சாமிக்காரர் வருகிறார். வரட்டும். வருகிறவர் மற்றவரை எப்படி ஏசினார் என்பதைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் பக்கத்துத் தோழர்கள் அங்கே போய், கிராம நிர்வாக அதிகாரியிடம் 'அ' பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லட்டும். ஊரில் பஞ்சமி நிலமாகக் கொடுக்கப்பட்ட சர்வே நம்பர்கள் எவை, இன்று எவன் பெயரில் பட்டா இருக்கிறது என்று சபையில் சத்தமாகப் படிக்கச் சொல்லட்டும். படித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும். இலைக்காரனும் சூரியன்காரனும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். யார் யார் எழுந்து தடுக்கிறார்கள் என்று பார்த்து வந்து நமக்கு எழுதுங்கள்.